சென்னை ஆர்மேனியர் கோயிலும் ஆர்மேனியக் கட்டடக்கலை மரபும்

தமிழகத்தில் அயல்நாட்டார் எழுப்பிய கிறித்தவக் கோயில்களை ஆராயப் புகுவார், கட்டியவர் யாவர் என்னும் வினாவோடு பெரும்பாலும் அமைந்துவிடுகின்றனர். எவர் காணும்பொருட்டுக் கட்டினர் என்னும் வினாவும் உடன் எழுதல் வேண்டும் என்பது எம் கருத்து. பழனி மலைத்தொடரினின்று ஒரு சான்று காட்டுவோம். கொடைக்கானலில் அமெரிக்க மதுரைச் சபையார் தம் முதல் இல்லங்களை 1845-இல் அமைத்தனர். அவர்க்குப் பின் அங்குச் சென்ற பிரெஞ்சு நாட்டுச் சேசு சபைத் துறவியர் 1866-இல் சலேத் அன்னை கோயிலை எடுத்தனர். பிரெஞ்சு நாட்டு ஆல்ப்சு மலையிலுள்ள லா சலேத் என்னும் சிற்றூரில் 1846-இல் அன்னை மரியாள் காட்சியளித்தாள் என்பது கத்தோலிக்கர் நம்பிக்கை. அம்மலையூரின் பெயர் இருபதே ஆண்டுகளில் இம்மலையூரை வந்தடைந்தது. ஆகஸ்டுத் திங்களில் நிகழும் அக்கோயில் விழாவிற்குத் தமிழ் மக்கள் திரளாகக் கூடுகின்றனர். சமயம் உரைக்க வந்தோர் எடுத்த கோயில் ஆதலின், அது உயர்ந்த இடத்தில் நின்று வருக என அழைக்கின்றது.

இதற்கு முற்றும் மாறான கோயில் ஒன்று சென்னையில் உண்டு. ஜார்ஜ் டவுனில் ஆர்மேனியன் தெருவில் உள்ள புனித மரியன்னை ஆர்மேனியர் கோயிலையே குறிக்கின்றோம். அதனை எடுத்தோர் வணிகர். தமிழரைத் தம் சமயத்திற்கு அழைக்க வந்தவர் அல்லர். அவர்தம் கோயில் தெருவை நோக்கி நிற்கவில்லை. மதிலும் கனத்த கதவும் அதனை மறைத்துள்ளன. வாயிலைக் கடந்து செல்வார்க்கே முற்றமும் மரநிழலும் கல்லறைகளும் கோயிலும் புலனாகும். வாயிலில் 1772 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது.

இக்கோயிலைப் பற்றிப் பொதுவாக எழுதுவோர் இதனை ஆர்மேனியக் கட்டடக்கலைக்கு ஓர் எடுத்துக்காட்டு என்று கூறிச் செல்கின்றனர். இக்கூற்று ஆராயத்தக்கது. ஆர்மேனிய மலைநாட்டுக் கோயில்களின் அமைப்பை ஒருமுறை அறிந்தவர், சென்னைக் கோயிலில் அவ்வமைப்பைத் தேடினால் காணமாட்டார். அவ்வாறாயின் இஃது எவ்வகையில் ஆர்மேனியர் கோயில் ஆகும்? தம் நாட்டை இழந்த ஒரு மக்கட்கூட்டம் தன் கல்வடிவத்தை வழியிலே விட்டுவிட்டு, எழுத்தை மட்டும் விடாது கொணர்ந்தது என்பதே யாம் கண்ட விடை. அதனை நிறுவுதற்கு முதற்கண் அம்மலைநாட்டு மரபைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும்.

ஆர்மேனியர் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிறித்தவத்தை அரச சமயமாகக் கொண்டனர். மரபுவழி கூறப்பெறும் ஆண்டு 301. அவர்தம் தலைமைக் கோயில் எச்மியாட்சின் என்னும் இடத்தில் உள்ளது. முதற்கண் எழுந்த கோயில் சிதைவுற, 483-ஐ ஒட்டி வாகன் மாமிகோனியன் என்னும் தலைவன் அதனைப் புதுப்பித்தான். தொடக்க காலத்துக் கோயில்கள் பல நீண்ட மண்டபங்களாகவே இருந்தன. நடுவில் குவிமாடம் எழுப்பும் வழக்கம் படிப்படியாக வலுப்பெற்று, ஏழாம் நூற்றாண்டில் முழு வளர்ச்சி எய்தியது. கொமிதாஸ் என்னும் தலைமைக் குரு 618-இல் எடுத்த ஹ்ரிப்சிமே கோயில் அவ்வளர்ச்சியின் முதிர்ந்த கனி எனலாம். நாற்புறமும் அரைவட்ட அறைகள், மூலைக்கொரு சிற்றறை, இவை அனைத்தும் தாங்கி நிற்க நடுவில் ஒரே குவிமாடம் என்பது அதன் அமைப்பு. புறச்சுவரில் ஆழமாகக் குடைந்த முக்கோண மாடங்கள் உள்ளன. உள்ளே அறைகள் வளைந்து செல்லும் முறையை அவை வெளியே நிற்பார்க்கும் உணர்த்தும். ஏறக்குறைய அதே காலத்தில்தான் மகேந்திரவர்ம பல்லவன் செங்கலும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி மண்டகப்பட்டில் குடைவரை அமைத்த பெருமிதத்தைக் கல்லிற் பொறித்தான். இரு நாடுகளிலும் கல் வழிபாட்டுக்குரிய பொருளாக ஒரே தலைமுறையில் சிறப்புற்றது. இதனைக் காலப் பொருத்தம் என்பதற்கு மேல் யாம் கூறோம்.

ஆர்மேனியக் கோயிலின் மேற்பகுதியைத் தமிழ் மாணவர்க்கு விளக்க நம் சிற்ப நூல் வழக்கே போதும். நம் விமானத்தில் தளத்தின் மேல் கழுத்தும், அதன் மேல் சிகரமும் அமைவதை யாவரும் அறிவர். ஆர்மேனியக் கோயிலிலும் கூரையின் நடுவே வட்டமாகவோ பல பட்டைகளாகவோ உயர்ந்த கழுத்து ஒன்று எழும். அக்கழுத்தில் ஒளிபுகும் சாளரங்கள் உண்டு. அதன் மேல் உள்ளே அரைக்கோள வடிவான குவிமாடமும், வெளியே கூரிய கூம்பு வடிவான கற்கூரையும் அமையும். உள்ளே நிற்பார் வானத்தைப் போன்ற வளைவைக் காண்பர். வெளியே நிற்பார் மலைமுகட்டைப் போன்ற கூர்ப்பைக் காண்பர். பனி மிகுந்த நாட்டில் கூம்புக் கூரை பனியைத் தங்கவிடாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. நம் கழுத்துக்கும் சிகரத்துக்கும் அவர்தம் உறுப்புகளுக்கும் உறவு கற்பிக்க முனைதல் வீண். விளக்கத்திற்காக ஒப்பிட்டோமே அன்றி வேறில்லை.

இனிக் கட்டுமுறை. ஆர்மேனியம் எரிமலைக் குழம்பு பரந்த மேட்டுநிலம். அங்குக் கிடைக்கும் எரிமலைக் கல் இளஞ்சிவப்பு, மஞ்சள், சாம்பல், கருமை எனப் பல நிறத்தது. வெட்டும்போது எளிதில் இணங்கும். நன்கு இழைத்த பலகைக்கற்களை உள்ளும் புறமும் இரு தோலாக நிறுத்தி, இடைவெளியிற் சிறுகல்லும் சுண்ணச் சாந்தும் கலந்து கொட்டி இறுக்குவர். புறத்தே கற்றளி எனத் தோன்றுவதன் வலிமை உண்மையில் அகத்தே இறுகிய சாந்திலேயே உள்ளது. நிலநடுக்கம் மிக்க அந்நாட்டில் பல கோயில்கள் ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் நிற்பதற்கு இம்முறையும், எடையை நடுவில் திரட்டி நாற்புறமும் சமமாகப் பகிரும் அமைப்பும் காரணமாகும். மிகத் துணிந்து எடுத்தவை வீழ்ந்ததும் உண்டு. மூன்றாம் நெர்செஸ் என்பார் ஏழாம் நூற்றாண்டின் நடுவில் வட்ட வடிவில் மூன்று அடுக்காக எழுப்பிய சுவார்ட்னோட்ஸ் கோயில் பத்தாம் நூற்றாண்டில் இடிந்தது. தொரோஸ் தொரமானியன் என்னும் கட்டடக்கலைஞர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்விடிபாடுகளை ஆராய்ந்து அதன் பழைய வடிவத்தை வரைந்து காட்டினார்.

பத்து, பதினொன்றாம் நூற்றாண்டுகளில் பக்ரதூனி அரசரின் தலைநகராகிய ஆனி புகழ்பெற்றது. அந்நகரின் பெருங்கோயிலைத் திரிதாத் என்னும் சிற்பி கட்டினான். 1001-இல் அது நிறைவுற்றது. தஞ்சைப் பெரிய கோயிலின் திருப்பணி 1010-இல் நிறைவெய்தியது என்பதை ஈண்டு எண்ணிப் பார்த்தல் இன்பம் தரும். 989-இல் நேர்ந்த நிலநடுக்கத்தால் கான்ஸ்டாண்டிநோபிளிலுள்ள ஹாகியா சோபியாவின் குவிமாடம் சிதைந்தபோது அதனைச் செப்பனிட அழைக்கப்பெற்றவன் இத்திரிதாத்தே. பைசாந்தியப் பேரரசு தன் தலைக்கோயிலைத் திருத்த ஓர் ஆர்மேனியச் சிற்பியை நாடிற்று என்பதினின்று அக்கலையின் தரம் விளங்கும். ஆனிக் கோயிலின் கூர்முனை வளைவுகளையும் கொத்துத் தூண்களையும் கண்டு ஐரோப்பிய கோதிக் பாணிக்கே ஆர்மேனியம் தாய் எனக் கருத இடமுண்டு என்றார் பலர். 1918-இல் வியன்னாவிலிருந்து பெருநூல் வெளியிட்ட ஸ்திரிகோவ்ஸ்கி ஐரோப்பியக் கலைக்கு ஆர்மேனியம் பெரிதும் வித்திட்டது என வாதிட்டார். அவர் நூல் ஆர்மேனியக் கலையை உலகறியச் செய்தது. அந்நன்றியை மறத்தல் கூடாது. எனினும் வடிவ ஒப்புமை ஒன்றையே கொண்டு பிறப்பையும் வழியையும் முடிவு செய்யும் அவர் முறை ஏற்கத்தக்கதன்று. நம் நாட்டுக் கலையாராய்ச்சியிலும் இம்முறை தலைகாட்டுவதுண்டு ஆதலின் இதனை விதந்து கூறினோம்.

பின்னைய நூற்றாண்டுகளில் மடாலயங்கள் பெருகின. கோயிலுக்கு முன்னே நம் மகாமண்டபத்தை ஒத்த விரிந்த கூடம் சேர்க்கப்பட்டது. அதனைக் கவித் என்பர். அங்கே கூட்டம் கூடினர், வழக்குத் தீர்த்தனர், இறந்தோரை அடக்கம் செய்தனர். கெகார்த் மடத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மலையைக் குடைந்தே கோயில்களை ஆக்கினர். தூண், வளைவு, குவிமாடம் யாவும் ஒரே பாறையினின்று செதுக்கப்பட்டவை. மாமல்லபுரம் கண்ட தமிழர்க்கு அவற்றை மேலும் விளக்க வேண்டுவதில்லை. சென்னைக் கோயிலை ஆராய்வார்க்கு இக்காலத்துச் செய்திகளில் இரண்டு இன்றியமையாதன. ஒன்று மணிக்கூண்டு. ஹாக்பாத் மடத்தில் 1245-இல் கட்டிய மணிக்கூண்டு கோயிலோடு ஒட்டாது தனித்து நிற்கின்றது. மற்றொன்று கச்கார் எனப்படும் சிலுவைக்கல். ஒன்பதாம் நூற்றாண்டு முதல் இறந்தோர் உயிர் நலம்பெறவும் வெற்றியையும் திருப்பணியையும் நினைவுகூரவும் நிமிர்ந்த கற்பலகையிற் சிலுவையும் கொடிக்கருக்கும் செதுக்கி எழுத்துப் பொறித்து நாட்டினர். நடுகல் மரபை உடைய நமக்கு, பெயரும் செயலும் பொறித்த கல் ஒரு மக்கட்கு எத்துணை இன்றியமையாதது என்பது எளிதிற் புலனாகும்.

இங்ஙனம் வளர்ந்த மரபு பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பெரும் பிளவைக் கண்டது. பாரசீக மன்னன் ஷா அப்பாஸ் 1604, 1605 ஆண்டுகளில் அரஸ் ஆற்றங்கரையிலிருந்த ஜுல்பா நகர மக்களை வேரோடு பெயர்த்துத் தன் தலைநகராகிய இஸ்பகானுக்கு அருகே குடியேற்றினான். பட்டு வணிகத்தில் தேர்ந்த அம்மக்கள் ஆங்குப் புதிய ஜுல்பாவை அமைத்தனர். சென்னைக்கு வந்த ஆர்மேனியருள் பெரும்பாலோர் இப்புதிய ஜுல்பாவின் வழியினரே. அந்நகரின் தலைமைக் கோயிலாகிய வாங்க், 1606-இல் தொடங்கிப் பின்னர் 1655 முதல் 1664 வரை இன்றுள்ள வடிவில் எடுக்கப்பட்டது. அதனை ஆராய்வார் ஒன்றை வியப்புடன் காண்பர். கல் இல்லை; செங்கல் உண்டு. கூம்புக் கூரை இல்லை. பாரசீகப் பள்ளிவாசல்களிற் காணும் குவிமாடமே உண்டு. உட்சுவர் முழுதும் ஓவியமும் வண்ண ஓடுகளும் நிறைந்துள்ளன. பழைய மரபின் அடையாளமாகத் தோன்றுவது முற்றத்தில் தனித்து நிற்கும் மணிக்கூண்டு. அது 1702-இல் கட்டப்பட்டது. அவ்வாங்க் மடத்திலேயே அச்சகம் ஒன்று நிறுவப்பெற்று 1638-இல் திருப்பாடல் நூல் வெளிவந்தது.

ஆகவே, சென்னையிற் கூம்புச் சிகரம் இல்லாமை சென்னையில் நேர்ந்த இழப்பு அன்று. தாம் வாழும் நாட்டின் கட்டுமுறையில் தம் கோயிலை எடுப்பது என்னும் வழக்கம் அவர்களுக்குப் பாரசீகத்திலேயே அமைந்துவிட்டது. பாரசீகத்திற் பாரசீகத்தார் போலக் கட்டினர். ஆங்கிலக் கும்பினியின் நகரில் அந்நகரத்தார் போலக் கட்டினர். இவ்விணைப்பை நோக்காது, மலைநாட்டையும் சென்னையையும் மட்டும் வைத்து ஒப்பிடுவோர் தவறான முடிவுக்கே வருவர்.

தமிழகத்தோடு ஆர்மேனியர்க்குள்ள தொடர்பு ஆங்கிலேயர் வருகைக்கு முந்தியது. 1517-இல் போர்த்துக்கீசியரைப் பழவேற்காட்டினின்று மயிலாப்பூருக்கு அழைத்துச் சென்று தோமையார் கல்லறை எனக் கருதப்படும் இடத்தைக் காட்டியவர் ஆர்மேனிய வணிகர் என அந்நாட்டுக் குறிப்புகள் கூறுகின்றன. ஆயினும் அவர்தம் கோயில் வரலாறு 1688-ஆம் ஆண்டு சூன் 22-ஆம் நாள் இலண்டனில் ஏற்பட்ட ஒப்பந்தத்தோடு தொடங்குகின்றது. கிழக்கிந்தியக் கும்பினிக்கும் ஆர்மேனியர் சார்பில் நின்ற கோஜா பானோஸ் கலந்தாருக்கும் நிகழ்ந்த அவ்வொப்பந்தத்தில் எம் ஆய்வுக்குரிய விதி ஒன்று உண்டு. கும்பினியின் நகர் எதிலேனும் ஆர்மேனியர் நாற்பதின்மரோ அதற்கு மேற்பட்டவரோ குடியேறின், கோயிலுக்கு நிலம் அளித்துக் கும்பினி தன் செலவில் மரத்தால் ஒரு கோயில் கட்டித்தரும்; பின்னர் ஆர்மேனியர் விரும்பியவாறு அதனைக் கல்லாலோ பிற உறுதியான பொருளாலோ மாற்றிக் கட்டிக்கொள்ளலாம்; குருவின் பிழைப்பிற்கு ஆண்டுதோறும் 50 பவுன் ஏழாண்டுகள் வழங்கப்படும் என்பது அது.

இவ்விதி ஒரு வணிகப் பத்திரத்தில் இடம்பெற்றது என்பதை மறத்தலாகாது. சரக்கு, தீர்வை, கப்பற்கூலி ஆகியவற்றிற்கு நடுவே கோயிலும் ஓர் இனமாக எழுதப்பட்டுள்ளது. மரம் முதலாகவும் கல் முடிவாகவும் அமைந்த அவ்வரிசை, செங்கல் தளிகளைக் கற்றளிகளாக்கிய செம்பியன் மாதேவியாரை நமக்கு நினைவூட்டும். எனினும் நோக்கில் வேறுபாடு பெரிது. சோழமாதேவி தன் நாட்டிற் கட்டினாள். ஆர்மேனியர் கட்டியது இரவல் நிலத்தில். நாற்பது பேர் உண்டா என எண்ணிப் பார்த்து அளந்து கொடுத்த நிலத்தில்.

சென்னையில் ஆர்மேனியரின் முதற் கோயில் 1712-இல் பழைய கறுப்பர் நகரில் எழுந்தது. அதற்கு நிலைபேறு வாய்க்கவில்லை. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1749-இல் அது திரும்ப ஆங்கிலேயர் வசமாயிற்று. அடுத்து 1758 திசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை லாலி முற்றுகையிட்டான். கோட்டையின் காப்புக் கருதிப் பழைய நகரின் வீடுகள் அகற்றப்பட்டு வெற்றுவெளி ஆக்கப்பட்டது. இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் பகுதி அவ்வெளியைச் சார்ந்ததே. பிரெஞ்சுக்காரர்க்குத் துணைநின்றனர் என்னும் ஐயத்தால் 1749-க்குப் பின் கத்தோலிக்கர் மீதும் ஆர்மேனியர் மீதும் கும்பினி கடுமை காட்டியது. வெள்ளையர் நகரினின்று அவர்கள் வெளியேற நேர்ந்தது. அறுபது ஆண்டுக்கு முன் நிலம் தந்து அழைத்தவரே இவ்வாறு செய்தனர் என்பதை வரலாற்று மாணவர் கருத்திற் கொள்க.

இக்காலத்து ஆர்மேனியருள் தலைசிறந்தவர் கோஜா பெத்ரூஸ் ஊஸ்கான். புதிய ஜுல்பாவிற் பிறந்து மணிலா வணிகத்திற் பெரும்பொருள் ஈட்டியவர். பரங்கிமலைக்கு ஏறும் கற்படிகளும் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் அமைந்த பாலமும் 1726-ஐ ஒட்டி அவர் தம் பொருளாற் செய்தவை. மாம்பலம் என்னும் ஊர்ப்பெயரை ஆங்கிலேயர் மார்மலாங் எனச் சிதைத்து அப்பாலத்திற்கு இட்டனர். பழைய பாலம் நீங்கி 1966-இல் எழுந்த புதிய பாலம் மறைமலையடிகள் பெயரைத் தாங்குகின்றது. ஊஸ்கான் வைத்த கல்வெட்டு இன்றும் சாலையோரத்தில் உண்டு. அதில் பாரசீகமும் ஆர்மேனியமும் இலத்தீனும் பொறிக்கப்பட்டுள்ளன. பரங்கிமலைப் படிகளில் ஏறிய தமிழர் எண்ணற்றவர். அவருள் ஊஸ்கான் பெயரை அறிந்தவர் சிலரே. வேப்பேரியில் அவர் துணைநின்ற மாதா சிற்றாலயம் 1752-இல் கும்பினியாரால் சீர்திருத்தக் கிறித்தவக் குருமார்க்கு அளிக்கப்பட்டது. அவர்களுள் ஒருவரே தமிழ் அகராதியும் விவிலிய மொழிபெயர்ப்பும் செய்த பப்ரீசியஸ். 1779-இல் வேப்பேரியினின்று வெளிவந்த அவ்வகராதியைப் பயன்கொள்ளும் நாம், அந்நிலத்திற்கு ஓர் ஆர்மேனியர் தொடர்பும் உண்டு என்பதை அறிந்திருத்தல் நன்று. ஊஸ்கான் 1751-இல் மறைந்து அவ்வேப்பேரியிலேயே அடக்கமானார்.

முதற் கோயிலை இழந்த ஆர்மேனியர் புதிய கறுப்பர் நகரில், தம் இறந்தோரை அடக்கம் செய்த தோட்டத்தில், 1772-இல் இன்றுள்ள கோயிலைக் கட்டினர். கல்லறைத் தோட்டத்தில் கோயில் எடுத்தல் கல்கத்தாவிலும் நிகழ்ந்துள்ளது. ஆங்கு 1724-இல் ஆகா நாசர் என்பார் எழுப்பிய நாசரேத் கோயிலும் பழைய இடுகாட்டிலேயே அமைந்தது. 1734-இல் அதற்கு மணிக்கூண்டு சேர்க்கப்பட்டது. வாழ்வோரினும் இறந்தோரே நிலையாக ஓரிடத்தில் இருப்பவர் என்பது வணிகக் குடிகளின் நிலைமை போலும்.

சென்னைக் கோயிலின் அமைப்பு எளியது. செங்கல்லும் சுண்ணச் சாந்தும் கொண்டு எடுத்த வெண்ணிறக் கட்டடம். நீண்ட மண்டபமும் வெயிலும் மழையும் தாக்காத தாழ்வாரமும் உண்டு. சங்குச் சுண்ணத்தை அரைத்துப் பளிங்கெனப் பூசும் தொழிலிற் சென்னைக் கொத்தர் அக்காலத்தில் பெயர்பெற்றவர். மலைநாட்டின் எரிமலைக் கல் செய்த பணியை ஈண்டு அச்சுண்ணம் செய்தது. நாற்புறமும் சமமாக விரியும் சிலுவை அமைப்பும், நடுக்கழுத்தும், அதன் மேல் வானளாவும் கூம்பும் இல்லை. இறைமேடை தரையினின்று உயர்ந்து திரையிட்டு மறைத்தற்கு ஏற்ப அமைதல் ஆர்மேனிய வழிபாட்டின் இயல்பு. அவ்வழிபாட்டுத் தேவையைக் கட்டடம் நிறைவு செய்கின்றது. கட்டட மரபை அது பின்பற்றவில்லை. அதே காலத்தில் அந்நகரில் எழுந்த பிற கட்டடங்களோடு ஒப்பிடுவார்க்கு இதன் சுவரிலும் தாழ்வாரத்திலும் வேறுபாடு சிறிதே தோன்றும்.

வேறுபடுத்துவது மணிக்கூண்டு. கோயிலோடு இணையாது அருகே தனித்து உயர்ந்துள்ளது. ஆங்கிலேயர் கட்டிய கோயில்களில் கோபுரம் முகப்பிலேயே பொருந்தி நிற்கும்; கோட்டையிலுள்ள புனித மேரி கோயில் அதற்குச் சான்று. ஆர்மேனியர் கோயிலில் அவ்வாறின்மைக்குக் காரணம் யாது? 1245-இன் ஹாக்பாத், 1702-இன் ஜுல்பா, அதன்பின் சென்னை என ஒரு கோடு வரையலாம் என்பது எம் துணிபு. இக்கோடு வடிவ ஒப்புமையால் மட்டும் வரைந்ததன்று. சென்னை ஆர்மேனியர் ஜுல்பாவினின்று வந்தவர் என்பதும், அவர்க்கு வேண்டிய குருமார் ஜுல்பாவினின்றே அனுப்பப்பட்டனர் என்பதும் வரலாறு. ஸ்திரிகோவ்ஸ்கியிடம் இல்லாத வழிச்சான்று ஈண்டு உண்டு. மலைநாட்டுக் கட்டடக்கலையில் எஞ்சியது இவ்வொரு குறிப்பே எனலாம்.

பொருளும் கலைஞரும் கிடைத்திருப்பின் பழைய வடிவத்தை நாடியிருப்பரோ என வினவலாம். சிங்கப்பூரில் 1835-இல் கோல்மன் என்னும் ஐரியக் கட்டடக்கலைஞர் ஆர்மேனியர்க்குப் புனித கிரகோரியார் கோயிலைக் கட்டினார். வட்டமும் சிலுவையும் இணைந்த அதன் தரைப்படம் மலைநாட்டை நினைவூட்டுகின்றது. புறத்தோற்றமோ கிரேக்க, உரோமானியத் தூண்களால் ஆனது. அங்கும் கூம்புச் சிகரம் நிலைபெறவில்லை. பின்னர் ஏறியது ஐரோப்பிய ஊசிக் கோபுரமே. அவ்வூர் ஆர்மேனியர் செல்வத்திற் குறைந்தவர் அல்லர். ஆதலின் வடிவம் கைவிடப்பட்டதற்கு வறுமை காரணமன்று. அடையாளத்தைக் காக்க வேறொரு கருவி அவர்களிடம் இருந்தமையால் வடிவத்தை வற்புறுத்த வேண்டிய தேவை நேரவில்லை.

அக்கருவி எழுத்து. மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் 405-ஐ ஒட்டி வகுத்த நெடுங்கணக்கையே ஆர்மேனியர் இன்றும் வழங்குகின்றனர். அச்சிலும் அவர் முந்திக்கொண்டனர். ஹாகோப் மெகபார்த் 1512-இல் வெனிஸ் நகரில் முதல் ஆர்மேனிய நூலை அச்சிட்டார். தமிழின் தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் அச்சானது. சென்னைக் கோயில் நிறைவுற்ற அதே 1772-இல், இந்நகரிலேயே ஷாஹமீர் ஷாஹமீரியன் என்னும் வணிகர் நிறுவிய ஆர்மேனிய அச்சகத்தினின்று ஆர்மேனியரை விடுதலைக்கு எழுப்பும் அறிவுரை நூல் வெளிவந்தது. அடுத்து, 1773 என்னும் ஆண்டைத் தாங்கி வந்த நூல், இல்லாத ஆர்மேனிய அரசிற்கு ஓர் அரசியற் சட்டத்தையே வகுத்தது. நாடு இல்லை, சட்டம் இருந்தது. இவற்றைக் கண்டு எச்மியாட்சின் தலைமைக் குருவே அஞ்சினார் என்பர். கோயிலைச் சார்ந்த அச்சமுதாயத்தின் உள்ளம் எதில் ஊன்றியிருந்தது என்பதை அறிய இவ்விரு 1772-களையும் ஒருங்கே நோக்கல் வேண்டும். ஷாஹமீரியன் குடும்பத்தார் இக்கோயிலோடும் அதன் தோட்டத்தோடும் நெருங்கிய தொடர்புடையவர் என்பதும் ஈண்டு நினைக.

ஷீராஸ் நகரத்தினராகிய ஹாருத்தியூன் ஷ்மாவோனியன் இக்கோயிலின் குருவாக இருந்தார். அவர் 1794-இல் தொடங்கிய அஸ்தாரார் என்னும் திங்களிதழே உலகில் ஆர்மேனிய மொழியில் வெளிவந்த முதல் இதழ். 1796 வரை 18 இதழ்கள் வெளிவந்தன. ஆர்மேனியத்திலும் பாரசீகத்திலும் நிகழாதது தமிழ்நாட்டுத் தலைநகரில் நிகழ்ந்தது. அவர் 1824-இல் மறைந்தார். கோயில் முற்றத்திலேயே அவர் கல்லறை உள்ளது. முற்றத்திலும் கட்டடத்திலும் அடக்கமாயினோர் ஏறத்தாழ 350 பேர். அவர்தம் கற்கள் நிமிர்ந்து நிற்கவில்லை. தரையோடு தரையாகப் பதிந்துள்ளன. கச்காரின் கொடிக்கருக்கு நுணுக்கம் அவற்றில் இல்லை. ஆனால் ஆர்மேனிய எழுத்து உண்டு. இக்கோயிலுக்குச் செல்வார் சுவரை அண்ணாந்து நோக்குவதினும் தரையைக் குனிந்து நோக்குவதே பயன் தரும்.

இவ்வாறு தம் எழுத்தைக் காத்தோரைத் தமிழ்ச் செவி எங்ஙனம் ஏற்றது? ஆர்மேனியக்காரன் தெரு மக்கள் வழக்கில் அரண்மனைக்காரன் தெரு ஆயிற்று. பொருள் விளங்காத அயற்சொல்லை ஒலி ஒத்த தன்சொல்லாக்கிக் கொள்ளும் இயல்புக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஹாமில்டன் பாலம் அம்பட்டன் வாராவதி ஆனதும், அதனை மீண்டும் ஆங்கிலத்தில் நாவிதர் பாலம் என மொழிபெயர்த்ததும் மொழியியல் மாணவர் அறிந்தவையே. அங்குச் சொல் இறங்கிற்று, இங்கு உயர்ந்தது. மதிலுக்குப் பின் வாழ்ந்த செல்வரைக் கண்ட மக்களுக்கு அரண்மனை என்னும் சொல் பொருத்தமாகவே பட்டிருக்கும். இன்று அம்மதிலுக்குள் வழிபட ஆர்மேனியக் குடிகள் சென்னையில் இல்லை என்றே கூறலாம். கல்கத்தாவிலுள்ள ஆர்மேனியச் சபையார் கோயிலைப் பேணி வருகின்றனர்.

இறுதியாக மணிகள். கூண்டில் ஆறு மணிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிலோ எடையுடையது. ஒரே காலத்தில் வார்த்தவை அல்ல. 1837-ஆம் ஆண்டுக்குரிய இரண்டு இலண்டன் தாமஸ் மியர்ஸ் வார்ப்பகத்திற் செய்தவை. வார்த்தவன் பெயர் அவற்றில் ஆங்கிலத்திற் பொறிக்கப்பட்டுள்ளது. 1778-ஆம் ஆண்டு மணி ஒன்று, 19 வயதில் இறந்த எலியாசர் என்னும் ஷாஹமீர் குடும்பத்து இளைஞனின் நினைவாக அளிக்கப்பட்டது. எல்லாவற்றினும் பழையது 1754-க்கு உரியது. ஊஸ்கான் இறந்து மூன்றே ஆண்டுகள் ஆன காலம் அது. இன்றுள்ள கோயில் எழ இன்னும் பதினெட்டு ஆண்டுகள் இருந்தன. அம்மணி 1808-இல் மீண்டும் வார்க்கப்பட்டது. அதன் உடலில் ஆர்மேனிய எழுத்தோடு தமிழ் எழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளது.

தமிழரை வழிபாட்டிற்கு அழைக்காத கோயிலில், எவரும் எளிதிற் காணாத கூண்டின் உயரத்தில், தமிழ் ஏன் இடம்பெற்றது? ஊஸ்கான் தம் பாலத்திற் பாரசீகமும் இலத்தீனும் பொறித்தார், தமிழ் பொறிக்கவில்லை. 82 ஆண்டுகளுக்குப் பின் அவர் வழியினர் தமிழைத் தம் மணியில் ஏற்றனர். நம் சாசனத் தொகுப்புகள் கல்லையும் செப்பேட்டையும் போற்றிய அளவு மணிகளைப் போற்றவில்லை. ஆறு மணிகளின் எழுத்துகளையும் மைப்படி எடுத்து, கல்லறைக் கற்களோடு சேர்த்து ஆண்டு முறையில் வெளியிடுதல் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணி. ஆர்மேனியம் அறிந்தோர் துணை கல்கத்தாவிற் கிடைக்கும். தமிழ் வரிகளைப் படிக்க வேண்டியவர் நாமே.